தூங்கும் புத்தகங்களின் அலமாரி

யாரையும் அதட்டிப் பழக்கமில்லாதவன் நான். பேருந்தில் என் காலை மிதித்துக்கொண்டு நிற்பவரிடம்கூடக் கொஞ்சம் நகருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் இறங்கும் ஊர் வரும்வரை பொறுத்துக்கொள்வேன். அப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் நூலகத்தில் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள உட்கார வைத்தார்கள்.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எனக்கு மல்பெரித் தோட்டம், பட்டுப்புழு வளர்ப்பு. மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் என் பெயரையும் சேர்த்திருந்தார்கள். கூட்டத்துக்குப் போவேன், கடைசி வரிசையில் உட்காருவேன், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். என் கையெழுத்தைப் போடும்போது பின்னால் யாரும் காத்திருக்கக் கூடாதே என்று எல்லோரும் போட்ட பிறகுதான் போடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆறாம் வகுப்புக்கு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும், வீட்டில் மாடுகளோடு போகச் சொன்னார்கள், போனேன்.

அன்றைய கூட்டத்தில் தலைமை ஆசிரியை நூலகத்தைப் பற்றிப் பேசினார். அறை இருக்கிறது, புத்தகங்கள் இருக்கின்றன, ஆனால் நூலகர் என்று ஒருவர் கிடையாது. பொறுப்பு தமிழாசிரியரிடம். அவருக்கோ எல்லா வகுப்புக்கும் பாடம் எடுக்கவே நேரம் சரியாக இருக்கிறது. மதிய உணவு இடைவேளையில் பெற்றோர் யாராவது வந்து உட்கார்ந்தால் அறையைத் திறந்து வைக்கலாம் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழுத் தலைவி தையல் வேலை செய்கிற அம்மா. வாய்த் துடுக்குக்காரர், ஆனால் நல்ல மனசு. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"மல்பெரிக்காரரே, நீங்க வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல. லைப்ரரிக்கு இதவிடப் பொருத்தமான ஆளு எங்க கெடைக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாட்டேன் என்று சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே. அப்படியே வேலை என் தலையில் விழுந்தது.

வீட்டில் மனைவி, போங்க, புழுவுக்கு மத்தியான இலையை நான் போட்டுக்கறேன் என்றாள். மகள் மட்டும் சோற்றுத் தட்டைப் பார்த்தபடியே, "அப்பா, லுங்கி கட்டிக்கிட்டு வராதீங்க" என்றாள். கல்யாணங்களுக்குக் கட்டும் வேட்டியை அன்றைக்கு வெளியே எடுத்தேன்.

நூலகக் கதவில் தமிழாசிரியர் விதிகளை எழுதி ஒட்டியிருந்தார். பேசக் கூடாது. ஓடக் கூடாது. தின்பண்டம் கொண்டுவரக் கூடாது. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. அதை நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தபோது அவர் பக்கத்தில் நின்று சாவிக்கொத்தில் எதையோ தேடுவதுபோல நேரம் கொடுத்தார். கடைசி விதிக்குக் காரணமும் சொன்னார். முன்பு வீட்டுக்குக் கொடுத்த புத்தகங்கள் பல திரும்பி வரவில்லை. மேலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் கேட்டபோது தலைமை ஆசிரியைதான் தலைகுனிந்து நிற்க வேண்டியிருந்தது. அதனால் இப்போது எந்தப் புத்தகமும் வாசலைத் தாண்டக் கூடாது. எடுத்ததை மணியடித்ததும் அலமாரியில் வைத்துவிட வேண்டும்.

முதல் நாளே பிள்ளைகள் சாப்பிட்ட கையோடு வந்தார்கள். சாம்பார் சாதமும் முட்டையும் போட்ட நாள். நல்ல வழவழப்பான தாளில் அச்சடித்த பறவைப் புத்தகம் ஒன்றில் மயில் படத்தின் மேல் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் பதிந்துவிட்டது. யார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அல்லது தெரிந்ததாக நினைத்தேன்.

புழு வளர்க்கும் மனைக்குள் யாரும் சும்மா நுழைய முடியாது. செருப்பை வெளியே விட வேண்டும். கையும் காலும் கழுவ வேண்டும். வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் நனைத்த கோணி கிடக்கும். அதை மிதித்துத்தான் உள்ளே வர வேண்டும். நோய் எந்தக் காலில் ஒட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. மாமனார் வந்தாலும் இதுதான், அதிகாரி வந்தாலும் இதுதான். எனக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கு அது. ஆகவே நூலக வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சொம்பும் வைத்தேன். கோணியை நனைத்துப் போட்டேன். எதுவும் சொல்லாமல் வாளியைக் காட்டினேன். பிள்ளைகள் ஒழுங்காகக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். எனக்கு அவ்வளவு பெருமை.

கொஞ்ச நேரத்தில் அறை முழுவதும் ஆஸ்பத்திரி வாசனை. தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கால் தடம். அதுகூடப் பரவாயில்லை. ஈரக் கையோடு போனவர்கள் எல்லோரும் நேராகப் பறவைப் புத்தகத்துக்குத்தான் போயிருந்தார்கள். வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒருத்தி பிரித்து இழுத்தபோது மீன்கொத்தியின் மூக்கு கழன்று எதிர்ப்பக்கத்துக் கொக்கின் முதுகில் போய் உட்கார்ந்துகொண்டது.

தமிழாசிரியர் வந்து பார்த்தார். ஒட்டிய தாள்களை வெயிலில் விரித்து வைத்தார். பிள்ளைகள் போன பிறகு, மெதுவாக என்னிடம், "கழுவச் சொன்னது சரிதாங்க. தொடைக்கச் சொல்ல மறந்துட்டோம்" என்றார். மறந்துட்டீங்க என்று சொல்லவில்லை. மறந்துட்டோம் என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

குழுத் தலைவி இதைக் கேள்விப்பட்டுச் சிரித்த சிரிப்பு ஊருக்கே கேட்டது. சிரித்துவிட்டு, தைத்ததில் மிஞ்சிய பருத்தித் துண்டுகளை ஒட்டுப்போட்டு நீளமாக ஒரு துவாலை தைத்துக் கொண்டுவந்து வாசல் ஆணியில் மாட்டினார். பிளீச்சிங் போயிற்று. வாளி, துவாலை, வெறும் கோணி என்று மூன்றும் நிலைத்தன. கூடவே எனக்கு ஒரு பெயரும் நிலைத்தது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் வைத்தான். பிளீச்சிங் சார். வாழ்க்கையில் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. முதல்முறை கேட்டபோது அது கேலி என்று புரிந்தும் எனக்கு ஒரு மாதிரி இனித்தது.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரமானவன். குரல் அப்போதுதான் உடைந்து, என் குரலைவிடக் கனமாக இருந்தது. வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். அவன் உள்ளே வந்தால் கூடவே நான்கைந்து பேர் வருவார்கள். "பிளீச்சிங் சார், கையி காலு கழுவியாச்சு, வாயும் கழுவணுங்களா?" என்பான். மூலையில் இருக்கும் பழைய இரும்பு பீரோவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருவான். மடியில் பெரிய அட்லஸ் ஒன்றை விரித்துக்கொள்வான். ஆனால் அதில் ஒரு பக்கம்கூடப் புரளாது. கன்றுக்குட்டி தாயைத் தேடிக் கத்துவதுபோலக் கத்துவான். எல்லாத் தலைகளும் நிமிரும். அவன் அட்லஸுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். தலைவர்கள் படங்களுக்கு மீசை வரைந்தவர்கள், முக்காலியை இழுத்துச் சத்தம் எழுப்பியவர்கள் எல்லோருக்கும் அவன்தான் தலைவன்.

நான் அதட்ட முடியாதவன் என்று சொன்னேன் அல்லவா. அதற்கும் ஒரு வழி தானாகவே கிடைத்தது. ஒரு நாள் சத்தம் தாங்காமல் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். துடைப்பம் தங்கள் மேல் படுவதை எந்த வீட்டுப் பிள்ளையும் விரும்பாது. நான் கூட்டிக்கொண்டே பக்கத்தில் போகப் போகக் கால்களை மடக்கினார்கள், எழுந்தார்கள், நகர்ந்தார்கள், கூட்டம் கலைந்துவிட்டது. அன்றிலிருந்து அதுதான் என் முறை. எங்கே சத்தம் கூடுகிறதோ அங்கே குப்பை இருப்பதாக நினைத்துக்கொண்டு போவேன். ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. பள்ளியிலேயே சுத்தமான அறை நூலகம்தான் என்று தலைமை ஆசிரியை ஒருமுறை பாராட்டினார். காரணம் அவருக்குத் தெரியாது.

பிள்ளைகளின் கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் நானும் ஒரு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். கப்பலில் போகிற ஒரு மனிதரின் கதை. தடியான புத்தகம். கடலை நான் பார்த்ததில்லை. ஒகேனக்கல்லில் ஓடும் தண்ணீர்தான் நான் பார்த்ததிலேயே பெரிய தண்ணீர். ஆள்காட்டி விரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பேன். ஒரு மதியத்துக்கு ஒரு பக்கம் முடிந்தால் அதிகம். முதலில் சும்மா பிடித்துக்கொண்டிருந்த புத்தகம் போகப்போக என்னைப் பிடித்துக்கொண்டது. மனைவி இலை வெட்டும்போது, கப்பல் எங்கே போகுது இப்ப என்று கேட்பாள். புயலில் மாட்டியிருக்கிறது என்பேன். அடுத்த வாரம் கேட்பாள். இன்னும் புயல்தான் என்பேன்.

ஒரு நாள் நிமிர்ந்தபோது அந்தப் பத்தாம் வகுப்புப் பையன் மேசைக்கு முன்னால் நின்றிருந்தான். என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேலிக்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் குரல் அடங்கியிருந்தது.

"சார், நீங்க வெரல் வெச்சுத்தான் படிப்பீங்களா?"

"ஆமாப்பா. எடுத்துட்டா வரி மாறிப்போவுது" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் பீரோ மூலைக்குப் போய்விட்டான்.

அரையாண்டு விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பு தமிழாசிரியர் புத்தகங்களைச் சரிபார்த்தார். நிறையக் குறைந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு தட்டு நிறைய வைக்கும் அளவுக்கு. மறுபடியும் எண்ணினார். நானும் கூட நின்றேன். இல்லை. தலைமை ஆசிரியை வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. முன்பு பட்ட அவமானம் அவருக்கு மறக்கவில்லை. அடுத்த பருவத்துக்கான பாடநூலும் நோட்டும் கட்டுக்கட்டாக வந்து இறங்கப்போகின்றன, வைக்க இடமில்லை என்று வேறு தவித்துக்கொண்டிருந்தார். திங்கள்கிழமையிலிருந்து நூலகத்தைப் பூட்டி அதைப் பாடநூல் வைக்கும் அறையாக்கிவிடலாம் என்று முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறையை ஒதுங்கவைத்துச் சாவியைக் கொடுத்துவிடச் சொன்னார். உங்க மேல தப்பு இல்லீங்க என்று அவர் என்னிடம் சொன்னது உண்மையான கனிவுதான். ஆனால் இளம்புழுவை நல்லபடி வளர்த்துக் கூடு கட்டும் நேரத்தில் மொத்தமும் நோயில் போனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு.

தினமும் வருகிற முகங்களை நினைத்தேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக ஓடி வருவாள். வாசலில் மட்டும் நடப்பாள். என் மகள், வீட்டில் என்னோடு அதிகம் பேசாதவள், இங்கே என் மேசையிலிருந்து மூன்றாவது பெஞ்சில் தினமும் உட்காருவாள். அவ்வளவும் நின்றுவிடும். என் கப்பலும் புயலிலேயே நிற்கும்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு கூட்ட ஆரம்பித்தேன். கூடு அறுத்து முடித்ததும் மனையை நாங்கள் கூட்டும் விதம் ஒன்று உண்டு. கூடு கட்டும் பருவத்தில் சில புழுக்கள் கூடு கட்ட விரித்த வலையில் நிற்காமல் ஊர்ந்து போய்விடும். சுவர் இடுக்கில், தட்டுக் கால்களுக்குப் பின்னால், கூரை மூலையில், எங்கேயாவது தனியாகக் கட்டிக்கொள்ளும். அதனால் கடைசியாகக் கூட்டும்போது ஒவ்வொரு பொருளையும் நகர்த்திப் பின்னால் பார்ப்போம். அந்தக் கை வழக்கத்தில்தான் பீரோவை இழுத்தேன்.

சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் புத்தகங்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

மற்ற இடங்களிலும் தேடினேன். பீரோவின் தலையில் பழைய வரைபடச் சுருள்களுக்கு அடியில் சில. தோல் கிழிந்துபோன பேண்டு மேளத்துக்குள் இரண்டு. யாரும் தொடாத தடிப் புத்தக வரிசைக்குப் பின்னால் நிறைய. மேசை மேல் எடுத்து அடுக்கியபோதுதான் கவனித்தேன், ஒவ்வொன்றின் நடுவிலும் ஏதோ ஒன்று இருந்தது. தலை ரிப்பன் துண்டு. சாக்லேட் தாள். கோழி இறகு. ஒன்றில் காய்ந்த மல்பெரி இலை. எங்கள் ஊரில் பாதி வீட்டில் மல்பெரி இருக்கிறது. அது யாருடையது என்று நான் யோசிக்கவில்லை. பீரோவுக்குப் பின்னால் கடைசியில் கிடந்தது ஒரு மெல்லிய புத்தகம். சின்னப் பிள்ளைகளுக்காகப் பெரிய எழுத்தில் அச்சடித்த யானைக் கதை. அதில் கிழித்த தீப்பெட்டி அட்டை ஒன்று இருந்தது.

யாரும் எதையும் திருடவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. அலமாரியில் வைத்தால் நாளைக்கு வேறு ஒருவர் கைக்குப் போய்விடும். பாதியில் நிற்கிற கதையை விட மனசு வராமல் ஒவ்வொருவரும் ஒரு இடுக்கைத் தேடியிருக்கிறார்கள்.

தலைமை ஆசிரியை அலுவலக அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கூட்டிவந்து காட்டினேன். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். பிறகு கோபம் வந்தது. அதுவும் நியாயம்தான். அவர் எத்தனை நாள் கலங்கியிருப்பார்.

"யாரு யாருன்னு பேரு சொல்லுங்க. தெனமும் பாக்கறீங்க, உங்களுக்குத் தெரியும். திங்கக்கெழம எல்லாரும் அப்பா அம்மாவோட வரட்டும். அதுக்கப்பறம் பூட்டிக்கலாம்."

சிலர் யாரென்று என்னால் ஊகிக்க முடியும். ஆனால் சொன்னால் அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் வருவார்கள். வருகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். புத்தகத்துக்காகத்தான் அடி விழுகிறது என்று ஆகிவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடி புத்தகத்தைத் தொடுமா. இதையெல்லாம் சொல்ல நினைத்தேன். தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். அவர் காத்திருந்தார். எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. நான் பேசும்வரை காத்திருந்தார்.

"அம்மா, எல்லாத்துலயும் அடையாளம் வெச்சிருக்காங்க. படிச்சு முடிக்கணும்னு வெச்சதுங்க. திங்கக்கெழம ஒரு நாளு தொறந்து வெக்கறேங்க. எல்லாத்தையும் மேச மேல வெச்சிடறேன். அவங்கவங்க புக்க அவங்கவங்க எடுத்துக்கட்டும். யாரும் எடுக்கலைன்னா நீங்க சொல்ற மாதிரியே பூட்டிடலாங்க."

ஓர் அதிகாரியிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல்முறை. அவர் புத்தகங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி. ஆனா நானும் வந்து நிப்பேன்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. தலைமை ஆசிரியை நிற்கும்போது எந்தப் பிள்ளை கையை நீட்டும்? நீட்டினால் ஒளித்து வைத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா? நானே அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் மனையில் புழுக்கள் தோலுரிக்கும் பருவம். தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். தூங்குகிறது என்போம். அப்போது இலை போடக் கூடாது, தொடக் கூடாது, தட்டைக்கூட நகர்த்தக் கூடாது. வேலை இல்லாத நாட்கள் அவை. நான் வரப்பில் போவதும் வருவதுமாக இருந்தேன். மகளிடம் எதுவும் கேட்கவில்லை. மனைவிதான், "புழுவே தூங்குது, நீங்க ஏன் சும்மா ஊர்ந்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள்.

திங்கள்கிழமை மேசையைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டுப் புத்தகங்களைப் பரப்பினேன். அடையாளங்கள் எதையும் எடுக்கவில்லை. தலைமை ஆசிரியை ஜன்னல் பக்கம் நின்றார். தமிழாசிரியர் வந்தார். விஷயம் கேள்விப்பட்டுக் குழுத் தலைவியும் தையலை விட்டுவிட்டு வந்திருந்தார். மணி அடித்தது. சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், கழுவினார்கள், துடைத்தார்கள், உள்ளே காலை வைத்ததும் மேசையைப் பார்த்து நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் எட்டிப் பார்த்து அவர்களும் நின்றார்கள். அந்த அறை அப்படி ஒரு நாளும் அமைதியாக இருந்ததில்லை. கதவில் ஒட்டியிருந்த விதிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்துவிட்டன.

பாதியில் விட்டதை அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்று தலைமை ஆசிரியை சொன்னார். மெதுவாகச் சொல்ல நினைத்தார் என்றே நம்புகிறேன். பழகிப்போன குரல், அதட்டலாகத்தான் வந்தது. யாரும் நகரவில்லை. ஆறாம் வகுப்புச் சிறுமி ரிப்பன் வைத்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகள் தரையைப் பார்த்தாள். என்னைப் போலவே. நேரம் போனது. தலைமை ஆசிரியையின் கையில் பூட்டு இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். துடைப்பத்தை எடுப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அப்போது பின்னாலிருந்து பிள்ளைகளை விலக்கிக்கொண்டு பத்தாம் வகுப்புப் பையன் வந்தான். கன்றுக்குட்டிச் சத்தம் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். மேசைக்கு வந்தான். கை புத்தகங்களுக்கு மேலாக ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கீழே இறங்கி, தீப்பெட்டி அட்டை வைத்த யானைக் கதையை எடுத்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஆறாம் வகுப்புச் சிறுமிதான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "அண்ணா, அது மூணாங்கிளாஸ் புக்கு" என்றாள். அவன் கூட்டாளிகளே சிரித்துவிட்டார்கள். அவன் காது மடல் சிவந்தது.

"தெரியும்" என்றான். "நான் இன்னும் முடிக்கல."

நேராகப் பீரோ மூலைக்குப் போனான். சாய்ந்து உட்கார்ந்தான். அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஆள்காட்டி விரலை வரிக்கு அடியில் வைத்தான். விரல் நகர ஆரம்பித்தது. அந்த நடை எனக்குத் தெரிந்த நடை. எங்கே நிற்கும், எந்த எழுத்தில் திரும்பிப் போகும் என்றுகூட எனக்குத் தெரிந்தது. புரளாத அட்லஸும் அத்தனை கத்தலும் எதை மறைக்க என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். சிறுமி வந்து ரிப்பன் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு ஒவ்வொருவராக, பிறகு கூட்டமாக வந்தார்கள். கோழி இறகு போயிற்று, சாக்லேட் தாள் போயிற்று. மல்பெரி இலை வைத்த புத்தகத்தை என் மகள் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மூன்றாவது பெஞ்சுக்குப் போனாள்.

தலைமை ஆசிரியை ஜன்னலிடமே நின்றிருந்தார். பீரோ மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து பூட்டையும் சாவியையும் என் மேசை மேல் வைத்தார்.

"பேரு வேண்டாங்க" என்றார். தமிழாசிரியரிடம் திரும்பி, பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து பாதி படித்த புத்தகங்களுக்கு ஒதுக்கச் சொன்னார். பாடநூல் கட்டுகளைத் தன் அறையிலேயே அடுக்கிக்கொள்ளலாம் என்றார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் கட்டுகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்து வேலை பார்த்தார்.

ஒருவர் வைத்ததை இன்னொருவர் எடுத்தால் என்ன செய்வது என்று குழுத் தலைவி கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்க வூட்ல புழு தூங்கும்போது தொடமாட்டோம், அந்த மாதிரி இருந்துட்டா போதும் என்று ஏதோ உளறினேன். "புழுவ விட்டா உங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாதா?" என்று அவர் சிரித்தார். ஆனால் மூலையிலிருந்து அந்தக் கனமான குரல் வந்தது.

"டேய், அடையாளம் வெச்சா புக்கு தூங்குதுன்னு அர்த்தம். எவனும் தொடாதீங்க."

அவ்வளவுதான். தமிழாசிரியர் எழுதி ஒட்டிய விதிகளை மீறியவர்கள் உண்டு. இதை யாரும் மீறி நான் பார்க்கவில்லை. ஒரு வாரமாக யாரும் தொடாத புத்தகம் தூங்கியது போதும் என்று பொது அலமாரிக்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தலைமை ஆசிரியை சேர்த்தார். பிறகு ஒரு நாள், வெள்ளிக்கிழமை எடுத்துப்போய்த் திங்கள்கிழமை கொண்டுவரலாம் என்றும் அவரே சொன்னார். என் கப்பலும் கீழ்த்தட்டில் தூங்கியது. அதற்கு அடையாளம் ஒரு பட்டு நூல்.

பையன் அதற்குப் பிறகு அடங்கிவிட்டான் என்று சொன்னால் பொய். கன்றுக்குட்டி அவ்வப்போது கத்தியது. நானும் துடைப்பத்தோடு போனேன். ஆனால் தமிழாசிரியர் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பீரோ பக்கம் வந்து தரையில் உட்கார ஆரம்பித்தார். பாடம் என்று பெயர் சொல்லாமல், அந்த வார்த்தை என்னடா, இந்த வார்த்தை என்னடா என்று பேச்சுவாக்கில் கேட்டுக்கொண்டிருப்பார். யானைக் கதையை முடித்த அன்று பையன் அதை என் மேசையில் பட்டென்று போட்டு, "நான் முடிச்சுட்டேன் சார். நீங்க இன்னும் பொயல்லதான் இருக்கீங்களா?" என்றான். என் வீட்டுப் பேச்சு அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று சாயங்காலம் மகளைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். எங்கள் இருவருக்கும் பேச்சு அதிகமானது அந்த நாட்களில்தான்.

நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த முறை எதுவும் இல்லை. யாரிடமும் நேரில் போய்ச் சொன்னதும் இல்லை. தலைமை ஆசிரியை இப்போது வேறு பள்ளிக்குப் போய்விட்டார். அவர் விடைபெற்ற நாளில் எல்லோரும் பேசினார்கள். நான் வாசலில் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தேன். அவர் வந்து கையைக் கழுவி, துவாலையில் துடைத்து, உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

சென்ற மாதம் கூடு மூட்டைகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தருமபுரி அங்காடிக்கு நான் பேருந்தில் போனேன். பாலக்கோட்டில் கூட்டம் ஏறியது. மேல்நிலைப் பள்ளிச் சீருடையில் ஒருவன். இன்னும் உயர்ந்திருந்தான். பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி, "பிளீச்சிங் சார்" என்றான். என்னைக் கூச்சம் பிடுங்கித் தின்றது. கம்பியைப் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து நின்றான். படிப்பு எப்படி என்று கேட்டேன். பரவாயில்ல சார், வெரல எடுத்துட்டேன், எப்பவாச்சும் வெப்பேன் என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு குனிந்து கேட்டான்.

"சார், அந்தக் கப்பலு கர சேந்துச்சுங்களா?"

முடித்துவிட்டேன் என்றேன். சேர்ந்ததா இல்லையா என்று விடாமல் கேட்டான். சொல்லவில்லை. புத்தகம் அதே பீரோவில்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமை வந்தால் கொண்டுபோய்ப் படித்துக்கொள்ளலாம் என்றேன்.

"அடையாளம் வெச்சிருக்கீங்களா?"

"இல்லப்பா. அது எப்பவோ முழிச்சிக்கிச்சு."